சீமெந்தின் நுண்மையும் பிளாஸ்ரிசைசரின் அளவும்: சைற்றிலேயே பொருத்தம் பார்க்கும் முறை

கொக்குவிலில் ஒரு மாடி வீட்டுப் பிளாட், அதாவது கொங்கிறீட் தட்டு. காலை ஏழு மணிக்குக் கொங்கிறீட் தொடங்கியது. முதல் இருபது பை சீமெந்து ஒழுங்காகப் போனது. அப்புறம் அடுத்த லோட்டில் வந்த பைகளை உடைத்தோம். மிக்சரால் கொட்டிய கலவை மேலே போய்ச் சேருமுன் தாச்சியிலேயே இறுகியது. "தம்பி, மருந்தை இன்னும் கொஞ்சம் விடும்" என்றார் மேசன் அண்ணை. மருந்து என்றால் தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் பிளாஸ்ரிசைசர். விட்டோம். கலவை இளகியது, ஆனால் சல்லி ஒரு பக்கம், சீமெந்துப் பால் ஒரு பக்கமாகப் பிரிந்தது. அந்தப் பகுதி மறுநாள் காலையிலும் நகம் பதியும் நிலையிலேயே இருந்தது.

மருந்து பழையதுதான், முதலில் போட்ட அளவும் அதேதான். மாறியது சீமெந்து. முதல் லோட்டைவிட இரண்டாவது நுண்மையாக அரைத்தது என்பதைப் பிறகுதான் பார்த்தோம். அன்றிலிருந்து, புதுச் சீமெந்து வந்தால் அதற்கும் மருந்துக்கும் பொருத்தம் பார்க்காமல் நான் கலவை போட விடுவதில்லை. அரை நாள் வேலைதான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதில் எங்கே இடறுகிறார்கள் என்று பல முறை பார்த்துவிட்டேன். அந்த இடங்களில் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் மின்தராசு, வெப்பமானி, நிறுத்துமணி, ஒரு லீற்றர் அளவுச்சாடி, துடுப்புள்ள கை மிக்சர், சீமெந்தும் தண்ணீரும் கலந்த பசை அடித் துளையால் ஓடி இறங்கும் நேரத்தை அளக்க ஒரு மார்ஷ் கூம்பு. இவ்வளவும் போதும்.

கூம்பை லேத் பட்டறையில் செய்விக்கலாம். உடல் தகரமாக இருந்தாலும் குழாய் முனை பித்தளையிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ கடைந்ததாக இருக்கட்டும். துளை 5 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் நேரம் வெகுவாக மாறும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒரு லீற்றர் வெறும் தண்ணீரை ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். நேற்றைய நேரமே இன்றும் வந்தால் துளை சுத்தமாக இருக்கிறது. கூடினால் உள்ளே சீமெந்து பிடித்திருக்கிறது.

தண்ணீர் சைற்றில் பாவிக்கப் போகும் அதே தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. தண்ணீரில் கல்சியம் அதிகம். கரையோரத்திலும் தீவுப் பக்கத்திலும் உப்பும் சேரும். போத்தல் தண்ணீரில் செய்த சோதனை வேலணைக் கிணற்றுக்குப் பொருந்தாது. நாக்கில் உவர்க்கும் தண்ணீரை எப்படியும் கம்பி போட்ட கொங்கிறீட்டுக்கு எடுக்கக் கூடாது.

2. பையையும் கேனையும் வாசியுங்கள்

பையில் மூன்று விடயம் பாருங்கள்: எந்த வகை, எந்த வலிமை வகுப்பு, எந்தத் திகதி. எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர இலக்கம்) 107 என்றால் சாதாரண போட்லண்ட் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 1247 என்றால் சாம்பல் போன்றவை கலந்தது. எஸ்.எல்.எஸ். 1253 என்றால் சுண்ணாம்புக்கல் சேர்த்து அரைத்தது. ஒரே நிறுவனம் இவற்றில் இரண்டை ஒன்றுக்கொன்று ஒத்த பையில் விற்கலாம். கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றுதான் சொல்வார். வகுப்பின் முடிவில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் விரைவில் வலிமை பெறுவது. பெரும்பாலும் கூடுதல் நுண்மையாக அரைத்திருப்பார்கள்.

கேனில் பார்க்க வேண்டியது மருந்தின் இனம். லிக்னோசல்பனேற்று வகை பழைய, மலிவான இனம். தண்ணீரை 5 முதல் 10 வீதம் வரை குறைக்கும், கலவை இறுகுவதையும் பிந்தச் செய்யும். நப்தலீன் வகை 15 முதல் 25 வீதம் வரை குறைக்கும். பொலிகாபொக்சிலேற்று வகை 30 வீதத்துக்கு மேலும் போகும். முதல் இரண்டும் சீமெந்துத் துணிக்கைகளில் ஒட்டி, அவற்றுக்கு ஒரே மின்னேற்றத்தைக் கொடுத்து ஒன்றையொன்று தள்ள வைக்கின்றன. மூன்றாவது, துணிக்கையில் ஒட்டிக்கொண்டு நீண்ட கிளைகளை வெளியே நீட்டி, பக்கத்துத் துணிக்கையை நெருங்க விடாமல் தடுக்கிறது. மூன்றுக்கும் பொது விடயம் ஒன்று: மருந்து முதலில் துணிக்கையின் மேற்பரப்பில் ஒட்ட வேண்டும். ஆகவே மேற்பரப்பு எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

3. நுண்மையை அறிதல்

சீமெந்தின் நுண்மையை பிளேன் எண்ணாகச் சொல்வார்கள்: ஒரு கிலோ சீமெந்தின் துணிக்கைகள் எல்லாவற்றையும் விரித்தால் எத்தனை சதுர மீற்றர். சாதாரண சீமெந்து பொதுவாக 300க்கும் 400க்கும் இடையில் நிற்கும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். 50 கிலோ பை ஒன்றுக்குக் கணக்குப் பாருங்கள். 300 என்றால் 15,000 சதுர மீற்றர். எங்கள் காணிக் கணக்கில் ஏறத்தாழ 60 பரப்பு. 400 என்றால் 20,000 சதுர மீற்றர். ஏறத்தாழ 80 பரப்பு. 60 பரப்புக்குக் கலந்த மருந்தை 80 பரப்புக்குத் தெளித்தால் என்ன நடக்கும் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வார்.

பிளேன் எண்ணை நீங்கள் சைற்றில் அளக்க முடியாது. விற்பனையாளரிடம் அந்தத் தொகுதியின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பிளேன், முக்கல்சியம் அலுமினேற்று (தண்ணீர் பட்டதும் முதலில் வினை புரியும் கூறு), சல்பேற்று (ஜிப்சத்திலிருந்து வருவது), காரம் ஆகிய நான்கு எண்களையும் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

90 மைக்ரோன் அரிதட்டில் 100 கிராமை அரித்துப் பார்ப்பதும் நல்லது. மேலே நிற்பது எவ்வளவு என்று நிறுங்கள். ஆனால் அது பருமனான துணிக்கைகளைப் பற்றி மட்டுமே பேசும். மருந்தைக் குடிப்பவை கீழே விழுந்த மிக நுண்ணிய துணிக்கைகள். "அரிதட்டில் ஒன்றும் நிற்கவில்லை, ஆகவே இரண்டு சீமெந்தும் ஒன்றுதான்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது சரியான முடிவல்ல.

4. அளவுக் கணக்கு

பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இது. கேனில் இருப்பது திரவம். அதில் ஒரு பங்குதான் மருந்து, மிச்சம் தண்ணீர். நப்தலீன் வகைத் திரவத்தில் திண்மப் பங்கு 40 வீதம் அளவில் இருக்கும். பொலிகாபொக்சிலேற்று வகையில் பொருளுக்குப் பொருள் மாறும். தரவுத்தாளைப் பார்த்தே ஆகவேண்டும்.

சோதனைக்கு 2 கிலோ சீமெந்து, தண்ணீர் 0.35 பங்கு, அதாவது 700 கிராம். இது ஏறத்தாழ 1.3 லீற்றர் பசை தரும், கூம்புக்குப் போதும். சீமெந்தின் நிறையில் 1.5 வீதம் திரவம் போடுவதென்றால் 30 கிராம். 40 வீதத் திண்மம் என்றால் அதில் 12 கிராம் மருந்து, 18 கிராம் தண்ணீர். அந்த 18ஐ 700இலிருந்து கழித்து 682 கிராம் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கழிக்காவிட்டால் மருந்து கூடக்கூடத் தண்ணீரும் கூடும். பசை இளகுவது மருந்தாலா தண்ணீராலா என்று தெரியாமல் போகும்.

நப்தலீன் வகைக்கு 1.0, 1.5, 2.0, 2.5, 3.0 வீதம் என ஐந்து அளவுகள் எடுங்கள். பொலிகாபொக்சிலேற்று வகைக்கு 0.3இல் தொடங்கி 0.2 வீதமாக ஏற்றுங்கள். லிக்னோசல்பனேற்றோடு 0.35 தண்ணீரில் பசை 5 மில்லிமீற்றர்த் துளையால் இறங்காமல் நிற்கலாம். அப்போது 8 மில்லிமீற்றர் முனையைப் போடுங்கள், அல்லது தண்ணீரை 0.45 ஆக்குங்கள். எதை மாற்றினாலும் ஒப்பிடும் எல்லாச் சீமெந்துக்கும் அதையே மாற்றுங்கள்.

5. பசை கலக்கும் ஒழுங்கு

சீமெந்தின் வெப்பநிலையையும் தண்ணீரின் வெப்பநிலையையும் முதலில் எழுதுங்கள். மத்தியானம் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரும் காலையில் கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரும் ஒன்றல்ல. ஆலையிலிருந்து நேரே வந்த சீமெந்து கையில் சுடும். அதை ஒரு நாள் ஆறவிட்டுச் சோதியுங்கள். ஆறவிட நேரமில்லாமல் சூடாகவே பாவிக்கப் போகிறீர்கள் என்றால் சூடாகவே சோதியுங்கள். சைற்றில் நடக்கப் போவதைத்தான் சோதனையும் காட்ட வேண்டும்.

ஒழுங்கு இதுதான். முதலில் நான்கில் மூன்று பங்கு தண்ணீரைச் சட்டியில் விடுங்கள். சீமெந்தைக் கொட்டி ஒரு நிமிடம் கலக்குங்கள். பிறகு மிஞ்சிய தண்ணீரில் மருந்தைக் கரைத்து ஊற்றி, மேலும் மூன்று நிமிடம் கலக்குங்கள். இடையில் ஒருமுறை நிறுத்தி, சட்டியின் பக்கத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து விடுங்கள்.

மருந்து ஏன் பிந்தி வர வேண்டும்? தண்ணீர் பட்ட முதல் நிமிடத்தில் மிகவும் துடிப்பாக இருப்பது முக்கல்சியம் அலுமினேற்று. நப்தலீன் வகை மருந்து அப்போது அங்கே இருந்தால் பெரும் பங்கை அதுவே இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் விட்டால் ஜிப்சத்தோடு சேர்ந்து அதன்மேல் ஒரு படலம் படிந்துவிடும். பிறகு வரும் மருந்து மற்றத் துணிக்கைகளுக்கும் போய்ச் சேரும். பொலிகாபொக்சிலேற்று வகைக்கு இந்த வித்தியாசம் குறைவு. இருந்தாலும் ஒழுங்கை மாற்றாதீர்கள், ஒப்பிட வசதி.

6. கூம்பில் ஓடவிடுதல்

கூம்பின் உட்புறத்தை ஈரத் துணியால் துடையுங்கள். விரலால் துளையை அடைத்துக்கொண்டு, பசையை ஓர் அரிதட்டினூடாக 1.2 லீற்றர் நிரப்புங்கள். ஒரு கட்டி அகப்பட்டாலும் வாசிப்பு கெட்டுவிடும். தண்ணீர் பட்டதிலிருந்து ஐந்தாவது நிமிடத்தில் விரலை எடுங்கள். கீழே ஒரு லீற்றர் சேர எத்தனை செக்கன் என்று குறியுங்கள்.

பசையைத் திரும்பச் சட்டியில் விட்டு, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். 60ஆவது நிமிடத்தில் அரை நிமிடம் கலக்கி மறுபடி ஓடவிடுங்கள். இந்த இரண்டாவது வாசிப்பைச் செய்யாமல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. யாழ்ப்பாண வெயிலில் ஐந்தாவது நிமிட வாசிப்பைவிட அதுதான் எனக்கு முக்கியம். மிக்சரிலிருந்து கம்பிக்குள் போய்ச் சேரும்வரை கலவை இளக்கமாக நிற்குமா என்பதை அதுதான் சொல்லும்.

7. நிரம்பு புள்ளியைக் காணல்

கணக்கு விளங்குவதற்காக ஒரு வரிசை: 1.0 வீதத்தில் 140 செக்கன், 1.5இல் 95, 2.0இல் 72, 2.5இல் 69, 3.0இல் 68. வரைதாளில் போட்டால் கோடு செங்குத்தாக இறங்கி 2.0க்குப் பிறகு படுத்துவிடும். அந்த முழங்கைதான் நிரம்பு புள்ளி. அதுவரை போட்ட மருந்து துணிக்கைகளில் ஒட்டியது. அதற்கு மேல் போட்டது ஒட்ட இடமில்லாமல் தண்ணீரில் மிதக்கிறது. காசு வீண், பிரிதலும் இறுகப் பிந்துவதும் அதனால்தான்.

செக்கனில் மட்டும் கண் வைக்காதீர்கள். ஓடி முடிந்த பசையை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மேலே பழுப்பு நிறத் தெளிநீர் எழுந்து, அடியில் கரண்டி வைத்தால் கெட்டியாகத் தட்டுப்பட்டால், அந்த அளவு ஏற்கெனவே கூடிவிட்டது.

8. வாசிப்பு என்ன சொல்கிறது

நுண்மையான சீமெந்தில் முழங்கை வலப்பக்கம் தள்ளிப் போகும். மருந்து கூடத் தேவை. 60 நிமிடக் கோடும் 5 நிமிடக் கோட்டைவிட்டு விலகி மேலே நிற்கும். மேற்பரப்பு கூட என்றால் தண்ணீரோடு வேகமாக வினை புரியும். புதிதாக உண்டாகும் விளைபொருட்கள் ஒட்டியிருந்த மருந்தை மூடிவிடும். இப்படி நேரம் போக இளக்கம் குறைவதற்கு வழி மருந்தை முதலிலேயே கூட்டுவதல்ல. இறுகலைப் பிந்தச் செய்யும் வகைக்கு மாறுங்கள், அல்லது மருந்தின் ஒரு பகுதியை, கலவையைக் கொட்டுமுன் இரண்டாம் தடவையாகப் போடுங்கள்.

பருமனான சீமெந்தில் முழங்கை இடப்பக்கம் வரும். நுண்மையான சீமெந்துக்குப் பழகிய அளவை இதற்குப் போட்டால் மேலே தண்ணீர் எழும்பும், சல்லி அடியில் படியும். லிக்னோசல்பனேற்று என்றால் இறுகவும் வெகுநேரம் பிந்தும். இந்தப் பிழை உடனே கண்ணுக்குத் தெரியாது, கலவை அழகாக ஓடுவது போலிருக்கும். அதனால்தான் இது மற்றதைவிட ஆபத்து.

இனி, பிளேன் எண் ஏமாற்றும் இடங்கள். சுண்ணாம்புக்கல் சேர்த்த சீமெந்தின் எண் 400ஐத் தாண்டி நிற்கலாம். சுண்ணாம்புக்கல் மென்மையானது, அரைக்கும்போது அதுவே முதலில் மாவாகும். எண்ணைக் கூட்டுவது அந்த மாவு. அது அலுமினேற்றைப் போல மருந்தை விழுங்காது. எண்ணைப் பார்த்துப் பயந்த அளவுக்கு மருந்து தேவைப்படாமல் போகலாம். மறுபுறம், எண் 330 என்று அடக்கமாக இருந்தும் முக்கல்சியம் அலுமினேற்று கூடிய சீமெந்து கேட்டதையெல்லாம் குடிக்கும். சான்றிதழில் நான்கு எண்களையும் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். சாம்பல் கலந்த சீமெந்தில் உருண்டையான சாம்பல் துணிக்கைகள் ஓட்டத்துக்கு உதவும். ஆனால் எரியாத கரி மிஞ்சியிருந்தால் அது மருந்தை உறிஞ்சும்.

சில பொலிகாபொக்சிலேற்று மருந்துகளில் 60 நிமிட வாசிப்பு 5 நிமிடத்தைவிடக் குறைவாக வரும். பிழையாக அளந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மருந்து மெதுவாக ஒட்டுகிறது. இப்படியான சீமெந்து-மருந்துச் சோடியில் பத்தாவது நிமிடத்தில் "காணாது" என்று மருந்தை ஏற்றினால் அரை மணியில் கலவை தண்ணீராகிவிடும். சுண்டிக்குளிப் பக்கத்து வேலை ஒன்றில் இப்படி நடந்து, பலகை இடுக்கெல்லாம் பால் வழிந்தோடியதை நின்று பார்த்திருக்கிறேன்.

ஐந்து நிமிடத்துக்குள்ளேயே பசை இறுகினால் தண்ணீர் விடாமல் இன்னும் இரண்டு நிமிடம் கலக்கிப் பாருங்கள். இளகிவிட்டால் அது பொய் இறுகல். ஆலைச் சூட்டில் ஜிப்சம் நீரிழந்து, பிறகு தண்ணீரில் ஊசி ஊசியாகப் படிகமாகியிருக்கிறது. சூடு எழும்பி, கலக்கியும் இளகாவிட்டால் அலுமினேற்றை அடக்கச் சல்பேற்றுப் போதவில்லை. அந்தச் சோடியை விட்டுவிடுங்கள். மருந்தைக் கூட்டி அதைத் திருத்த முடியாது.

9. கொங்கிறீட்டில் ஒரு சோதனைக் கலவை

பசை நன்றாக ஓடினால் கொங்கிறீட்டும் ஓடும் என்று நினைக்கக் கூடாது. இடையில் மணல் இருக்கிறது. களி கலந்த மணல் பொலிகாபொக்சிலேற்றைக் கடற்பஞ்சு போல உறிஞ்சும். சில களிகளின் அடுக்குகளுக்குள்ளேயே மருந்து புகுந்துவிடும். வன்னியிலிருந்து வரும் ஆற்று மணலில் ஒரு லோட்டில் களி இருக்கும், அடுத்ததில் இராது. மணற்காட்டு மணல் வேறு விதம்: களி குறைவு, ஆனால் மணிகள் நுண்மையானவை, அதற்கே தண்ணீர் கூடத் தேவை. ஒரு கைப்பிடி மணலைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணலுக்கு மேல் படியும் சேற்றுப் படையின் தடிப்பைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

25 லீற்றர் அளவில் ஒரு கலவை போடுங்கள். நிரம்பு புள்ளி உச்சவரம்பு. அதற்குக் கீழிருந்து தொடங்கி, வேண்டிய சிலம்ப் (அச்சுக் கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு தாழ்கிறது என்ற அளவு) வரும்வரை ஏற்றுங்கள். கலந்தவுடன், 30ஆவது நிமிடம், 60ஆவது நிமிடம் எனச் சிலம்ப் எடுங்கள். 150 மில்லிமீற்றர்க் கியூப் ஆறு அடித்து, மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் உடைத்து வலிமை பாருங்கள்.

10. வேலை நாளில்

சோதனையில் கிடைத்த வீதத்தை ஒரு பைக்கு எத்தனை மில்லி என்று மாற்றுங்கள். மிக்சருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வீதம் தேவையில்லை. 1 வீதம் என்றால் 50 கிலோ பைக்கு 500 கிராம். திரவத்தின் அடர்த்தி 1.2 என்றால் அது ஏறத்தாழ 417 மில்லி. 500 மில்லி அல்ல. அந்த அளவில் கோடு கீறிய ஒரு கோப்பையைக் கொடுத்து, வேறு கோப்பைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

சல்லி, மணல், சீமெந்து, நான்கில் மூன்று பங்கு தண்ணீர். ஒரு நிமிடம் சுற்றியபின் மிஞ்சிய தண்ணீரோடு மருந்து. உலர்ந்த சீமெந்தின் மேல் மருந்தை ஊற்றவே கூடாது. விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டு, மிச்சம் வெறுங்கலவையாக நிற்கும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு கவனம். நுண்மையான சீமெந்தும் குறைந்த தண்ணீரும் சேர்ந்த கலவையில் மேலே தண்ணீர் எழும்பாது. காற்று மேற்பரப்பை உலர்த்தினால் அதை ஈடுசெய்ய உள்ளே இருந்து ஒன்றும் வராது, இறுகுமுன்னரே வெடிப்பு ஓடும். மட்டம் இழுத்த பகுதியை உடனேயே பொலித்தீனால் மூடுங்கள். முழுப் பிளாட்டும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

11. அடிக்கடி காணும் பிழைகள்

நப்தலீன் வகைக் கேன் முடிந்ததும் அதே வாளியைக் கழுவாமல் பொலிகாபொக்சிலேற்றை ஊற்றுவது. இரண்டும் சேராது; கலந்தால் களியாகி, இளக்கமே வராமல் போகும்.

கேனைக் குலுக்காமல் மேலிருந்து ஊற்றுவது. பல மாதம் வெயிலில் நின்ற கேனில் அடியில் திண்மம் படிந்திருக்கும். முதல் பைகளுக்கு மருந்து காணாது, கடைசிப் பைகளுக்கு மிஞ்சும்.

கட்டிபட்ட பழைய சீமெந்தில் சோதனை செய்துவிட்டு, அந்த அளவைப் புதுச் சீமெந்துக்கு எழுதுவது. ஈரம் குடித்த துணிக்கையின் மேற்பரப்பு ஏற்கெனவே வினை புரிந்துவிட்டது, அது சொல்லும் எண் அதற்கு மட்டும்தான்.

கலவை இறுகுகிறது என்றவுடன் குழாயைத் திறப்பது. மருந்தால் குறைத்த தண்ணீரை அந்த ஒரு வாளி திருப்பிக் கொடுத்துவிடும். வேலை நாளன்று ஒரு சிறு போத்தலில் மருந்தைத் தனியாக வைத்திருங்கள். அதில் எவ்வளவு வரை சேர்க்கலாம் என்பதைச் சோதனைக் கலவையிலேயே பார்த்து, அந்த எண்ணைப் போத்தலில் ஒட்டுங்கள். அந்த எல்லை தாண்டியும் இளகாவிட்டால் அந்தக் கலவையைப் பிளாட்டில் கொட்டாதீர்கள். அடுத்த பையை உடைக்குமுன், லோட் மாறிவிட்டதா என்று பையின் வகையையும் திகதியையும் பாருங்கள்.